பால் கொடுக்கும் அம்மாவுக்கு எந்த இருமல் மருந்து? சேலம் மெடிக்கல் அலமாரியின் லேபிள்களைப் படித்துப் பார்த்தோம்

"இருமலுக்கு ஒரு சிரப் குடுங்கண்ணா" என்று ஐந்து ரோட்டிலோ அம்மாப்பேட்டையிலோ கேட்டால், கைக்கு வரும் பாட்டிலில் பெரும்பாலும் மூன்று நான்கு மருந்துகள் கலந்திருக்கும். மற்றவர்களுக்கு அதனால் பெரிய தொந்தரவில்லை. பால் கொடுக்கும் அம்மாவுக்குக் கணக்கே வேறு. அந்தக் கலவையில் ஒன்று பாலைக் குறைக்கலாம், இன்னொன்று அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்துத் தூங்க வைக்கலாம், மூன்றாவது அவருக்குத் தேவையே இல்லாததாக இருக்கலாம். அதனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இருமல் மருந்துகளை "இருமல் நிற்குமா" என்று மட்டும் பார்க்காமல், பால் குறையுமா, தூக்கம் வருமா, பிள்ளைக்கு எவ்வளவு போகும் என்ற மூன்று கேள்விகளை வைத்து இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் ஒரு விஷயம். சீட்டில்லாமல் விற்கும் மருந்து என்று நம் நாட்டுச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. மருந்து அட்டையிலோ லேபிளிலோ இடது ஓரம் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு விற்க வேண்டிய மருந்து. கடைக்காரர் கேட்காமல் கொடுத்துவிட்டார் என்பதால் அது பாதுகாப்பான மருந்தாகிவிடாது. கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பாட்டிலின் முன்பக்கப் பெயரை நம்பி வாங்குவதுதான் பலருக்கும் பழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே பெயரின் வால் மாறினால் உள்ளே இருக்கும் மருந்தே மாறிவிடும். அஸ்கோரில் எல்எஸ் என்றால் அம்ப்ராக்ஸால், லெவோசால்பூட்டமால், குவைஃபெனசின். அஸ்கோரில் டி பிளஸ் என்றால் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின். முதலாவது சளியை இளக்கி மூச்சுக்குழாயை விரிக்க, இரண்டாவது வறட்டு இருமலை அடக்க. "போன தடவை வாங்குன அதே அஸ்கோரில்" என்று கேட்டு வாங்கி வந்தவர் கையில் நேர் எதிர் மருந்து இருக்க வாய்ப்புண்டு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "ஒவ்வொரு 5 மி.லி.யிலும்" என்று தொடங்கும் பத்தியைப் படியுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பெனிகள் அவ்வப்போது கலவையை மாற்றுவதும் உண்டு. ஒவ்வொரு பாட்டிலையும் புதிதாகவே படிக்க வேண்டும்.

வறட்டு இருமலுக்கு: டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மட்டும் உள்ள பாட்டில்

அலமாரியில் இருப்பதிலேயே பால் கொடுப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். பாலில் சேரும் அளவு மிகக் குறைவு. இரண்டு மாதம் தாண்டிய, எடை சரியாக ஏறும் குழந்தைக்கு இதனால் தொந்தரவு வர வாய்ப்பு குறைவு. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 20 மி.கி., நான்கு மணி நேர இடைவெளியில். அல்லது 30 மி.கி., ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் 120 மி.கி. தாண்டக் கூடாது. 5 மி.லி.யில் 10 மி.கி. என்று லேபிளில் இருந்தால் 10 மி.லி. குடித்தால் 20 மி.கி. வந்துவிடும். மூடியோடு வரும் அளவுக் குவளையில்தான் ஊற்ற வேண்டும். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ரசக் கரண்டியில் ஊற்றிக் குடித்தால் கணக்கு எங்கோ போய்விடும்.

குறைகளும் உண்டு. இந்த மருந்து மட்டும் உள்ள பாட்டிலைக் கடைக்காரர்கள் தாமாக எடுத்துத் தருவதில்லை. கலவைப் பாட்டில்தான் கைக்கெட்டும் தட்டில் இருக்கும். "டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மட்டும் இருக்கற மாதிரி குடுங்க, வேற எதுவும் சேர்ந்திருக்க வேண்டாம்" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். சளி கட்டி, நெஞ்சில் கரகரவென்று இருக்கும்போது இதைக் குடிக்கக் கூடாது. வெளியே வர வேண்டிய சளி உள்ளேயே தங்கிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெடின், எஸ்சிடலோப்ராம் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைத் தொடவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், படபடப்பு, கடும் வியர்வை, குழப்பம் என்று ஆபத்தாகப் போகலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதை மாமியாரிடமும் கணவரிடமும்கூடச் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் கடைக்கு யாரையும் அனுப்பாமல் நீங்களே போய் மருந்தாளுநரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அவருக்கு இது புதிதல்ல.

தூங்க வைக்கும் சிவப்புச் சிரப்

பெனாட்ரில் என்றால் தெரியாத வீடில்லை. அதிலுள்ள டைஃபென்ஹைட்ரமின் பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து, 10 மி.லி. குடித்தால் ஏறக்குறைய 28 மி.கி. உள்ளே போகிறது, ஒரு ஆளைத் தூங்க வைக்கப் போதுமான அளவு. குளோர்பெனிரமின் உள்ள கலவைகளும் இதே சாதி. எப்போதாவது ஒரு வேளை, இரவு கடைசிப் பால் கொடுத்த பிறகு என்றால் பெரிய கெடுதல் இல்லை. நாள் கணக்கில் மூன்று வேளையும் குடித்தால் குழந்தை மந்தமாகும், அல்லது நேர்மாறாக நச்சரிக்கும். பால் சுரப்பு இன்னும் பிடிபடாத முதல் சில வாரங்களில் சுரப்பே குறையலாம். மூக்கடைப்பு மருந்தோடு சேர்ந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

இதைவிட எங்களுக்குக் கவலை தருவது வேறு. நம் வீடுகளில் பிள்ளை அம்மா பக்கத்தில்தான் படுக்கும். நடு ராத்திரி படுத்தபடியே பால் கொடுப்பது வழக்கம். தூக்க மருந்து குடித்த உடம்புக்குப் பிள்ளை மேல் கை விழுந்தாலும் போர்வை முகத்தை மூடினாலும் சட்டென்று விழிப்புத் தட்டாது. இந்தச் சிரப் குடித்த இரவு பிள்ளையைத் தனி விரிப்பிலோ தொட்டிலிலோ போடுங்கள். வீட்டில் இன்னொருவர் விழித்து எடுத்துக் கொடுக்கட்டும். அது முடியாது என்றால் அந்தச் சிரப் வேண்டாம். தும்மலும் மூக்கொழுகலும்தான் தொந்தரவு என்றால் லோரட்டடின் அல்லது செட்ரிசின் 10 மி.கி. ஒரு நாளைக்கு ஒன்று மேல். செட்ரிசினிலும் சிலருக்கு லேசாகத் தூக்கம் வரும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கண்ணி. 20 கொண்டை ஊசி வளைவில் குமட்டாமல் இருக்க அவோமின் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது பலருக்கும் பழக்கம். அவோமின் என்பது ப்ரோமெத்தசின். அதுவும் இதே தூக்க மருந்துக் குடும்பம். மேலேயிருந்து இறங்கும்போது ஒரு அவோமின், சேலத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரு மூடி சிவப்புச் சிரப், திரும்ப ஏறும்போது இன்னொரு அவோமின் என்றால், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வளைவில் அசந்து போவீர்கள். ஒன்றைத்தான் எடுக்கலாம். முன் சீட்டில் உட்கார்ந்து, வயிற்றை முட்ட நிரப்பாமல் வந்தால் பெரும்பாலும் அவோமினே தேவைப்படாது.

மூக்கடைப்புக்குச் சேர்த்திருப்பது

ஃபினைல்எஃப்ரின் என்ற பெயர் சிரப்பிலும் இருக்கும், சினாரெஸ்ட் போன்ற சளி மாத்திரைகளிலும் இருக்கும். வாய் வழியாகச் சாப்பிட்டால் இது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இதன் உறவுக்கார மருந்தான சூடோஎஃபெட்ரினை ஒரே ஒரு 60 மி.கி. மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஒரு நாள் பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. ஒன்று பலன் தருவதில்லை, மற்றது பாலை வற்ற வைக்கிறது. பால் கொடுப்பவர்கள் இரண்டையும் தவிர்ப்பதே சரி. மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். அதிலும் அடங்காவிட்டால் ஆக்ஸிமெட்டசோலின் அல்லது சைலோமெட்டசோலின் சொட்டு, மூன்று நாள் மட்டும். அது மூக்கோடு நின்றுவிடும், ரத்தத்தில் சேர்வது சொற்பம். ஐந்து நாள் தாண்டினால் விட்டதும் முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

கலவை மாத்திரையில் இன்னொரு பள்ளம் உண்டு. சினாரெஸ்டில் ஏற்கெனவே 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. அதோடு காய்ச்சலுக்கு டோலோ 650-உம் சேர்த்து நான்கு வேளை போட்டால் ஒரு நாளில் 4,600 மி.கி.; உச்ச வரம்பான 4,000-ஐத் தாண்டிவிட்டது, கல்லீரலுக்கு ஆகாது. பாராசிட்டமால் தனியாக எடுத்தால் பால் கொடுப்பவர்களுக்கு மிக நல்ல மருந்து. 500 மி.கி. முதல் 1 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒல்லியான உடம்புக்கு இதிலும் குறைத்து. தலைவலிக்கு ஆஸ்பிரின் கரைத்துக் குடிக்கும் பழக்கத்தைப் பால் கொடுக்கும் காலம் முழுக்க விட்டுவிட வேண்டும்.

சளி இளக்கும் சிரப்

குவைஃபெனசினால் பிள்ளைக்குப் பெரிய பயம் இல்லை. ஆனால் நம் கலவைப் பாட்டில்களில் அது 5 மி.லி.க்கு 50 மி.கி. மட்டுமே இருப்பது வழக்கம். 10 மி.லி. குடித்தால் 100. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு வேண்டியதோ 200 முதல் 400. பேருக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். லெவோசால்பூட்டமால் வீசிங் இருப்பவர்களுக்கான மருந்து. வீசிங் இல்லாதவர் குடித்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், இருமல் அப்படியே இருக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு சால்பூட்டமால் இன்ஹேலரே மேல். பால் கொடுப்பதற்கு அது தடையில்லை.

அம்ப்ராக்ஸாலுக்கு ஒரு நல்ல பூர்வீகம் உண்டு. வேலியோரம் நிற்கும் ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் உருவானது. ப்ரோம்ஹெக்சின் உடம்பில் மாறிக் கிடைப்பது அம்ப்ராக்ஸால். ஆடு தொடாத இலை பாட்டிலுக்குள் வந்திருக்கிறது. டாக்டர் எழுதித் தந்தால் குடிக்கலாம். கடையில் நாமாகக் கேட்டு வாங்க வேண்டாம். ஆடாதோடை மணப்பாகும் அப்படியே. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணமுள்ளது, அதனால் பிரசவமான புதிதில் சித்த மருத்துவரிடம் கேட்காமல் குடிப்பது சரியல்ல.

சளி இளக நாங்கள் முதல் இடம் கொடுப்பது தண்ணீருக்கு. "பச்சை உடம்பு, தண்ணி நெறையக் குடிக்காத" என்று வீட்டில் பெரியவர்கள் மடக்குவார்கள். தண்ணீர் குறைந்தால் சளி பசையாகி இருமல்தான் நீளும். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் வெந்நீர் என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் மனம் கோணாது. ஆவி பிடிப்பதானால் பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்வதுதான் அதிலுள்ள பெரிய ஆபத்து.

கோடீன்

அபின் குடும்பத்து இருமல் அடக்கியான கோடீன் உள்ள சிரப்புக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். உடம்பு கோடீனை மார்ஃபினாக மாற்றுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். அவர்கள் பாலில் மார்ஃபின் கூடிப் பிள்ளையின் மூச்சே மந்தமாகலாம். தான் அந்த வகையா என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பால் கொடுப்பவர்கள் கோடீனும், வலி மருந்தான ட்ரமடாலும் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-இல் எச்சரித்தது. இங்கே கோடீன் எச்1 அட்டவணையில் இருக்கிறது. கடைக்காரர் சீட்டைப் பார்த்து, வாங்குபவர் பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதிய பிறகே தர வேண்டும். வீட்டில் யாருக்கோ வாங்கிய மிச்சம் பீரோவில் இருந்தால் அதில் ஒரு மூடி ஊற்றிக் குடிக்காதீர்கள்.

செட் மாத்திரை

"ரெண்டு வேளைக்கு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டு, வெள்ளைக் காகிதத்தில் மடித்த நான்கு நிற மாத்திரையோடு போவது சேலத்திலும் நடக்கிறது. அட்டையை வெட்டி உதிரியாகக் கொடுப்பதால் பெயரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது. ஸ்டீராய்டு இருந்தாலும், தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்தான அவில் இருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், "நீங்க என்ன மாத்திரை போட்டீங்க?" என்று டாக்டர் கேட்கும்போது காட்ட வெறும் காகிதம்தான் இருக்கும். பால் கொடுப்பவர்கள் இதைக் கண்டிப்பாக வாங்கக் கூடாது.

கடையில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது இது: "கைக்கொழந்தை இருக்குதுங்கண்ணா, பால் குடுத்துட்டு இருக்கேன், கொழந்தைக்கு நாப்பது நாள் ஆகுது." வயதைச் சொல்வது முக்கியம். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றும் வேகம் மிகக் குறைவு. அவர்களின் அம்மாக்கள் கடையில் நின்று முடிவெடுக்காமல் டாக்டரிடம் கேட்க வேண்டும். மாலை நெரிசலில் எடுத்துக் கொடுக்கும் பையனிடம் கேட்காமல் மருந்தாளுநர் யார் என்று கேளுங்கள். பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். "எல்லாரும் குடிக்கறதுதாம்மா" என்பது பதிலே அல்ல. ஒற்றை மருந்தாக வாங்க முதல்வர் மருந்தகங்களையும் முயன்று பாருங்கள். 2025 பிப்ரவரியில் தொடங்கிய இந்தக் கடைகளில் ஜெனரிக் மருந்துகள் மலிவு.

பில் வாங்குங்கள். 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் பேட்ச் எண்ணை ஒப்பிட உங்கள் கையில் பாட்டிலும் பில்லும் இருக்க வேண்டும்.

தொண்டைக்கும் நெஞ்சுக்கும்

ஸ்ட்ரெப்சில்ஸ் போன்ற சப்பும் மாத்திரைகள் தாராளமாகச் சாப்பிடலாம். போவிடோன் அயோடின் கலந்த கார்கிள் வேண்டாம். அயோடின் பாலில் சேர்ந்து பிள்ளையின் தைராய்டைத் தொந்தரவு செய்யலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு நாளைக்கு நான்கு தடவை கொப்பளித்தால் போதும்.

விக்ஸ் வேப்போரப்பை நெஞ்சில் தடவிக்கொண்டு பால் கொடுத்தால் பிள்ளையின் மூக்கு நேராகக் கற்பூர நெடியில் போய் நிற்கும். முதுகில் தடவிக் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயில் சூடம் கரைத்துப் பிள்ளை நெஞ்சில் தேய்ப்பதும், சூடத்தை முடிந்து தூளியில் கட்டுவதும் கட்டாயம் கூடாது. கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கும்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகும், மலைத் தேனும் அம்மாவுக்கு நல்லதே. இடித்த மிளகு ஒரு சிட்டிகை, தேன் இரண்டு தேக்கரண்டி, படுக்கும் முன். அம்மா சாப்பிட்ட தேன் பால் வழியாகப் பிள்ளையைக் கெடுக்காது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் வாயில் தேன் படவே கூடாது. தேனிலிருக்கும் க்ளோஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் நுண்வித்துகள் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சாகி, தசைகளைத் தளரச் செய்யும். சேனை தொட்டு வைப்பதும், பிள்ளை பிடிக்கட்டும் என்று முலைக்காம்பில் தேன் தடவுவதும் இதில் சேர்த்தி. அதிமதுரம் சேர்ந்த லேகியத்தைப் பிரசவத்துக்குப் பின் ரத்த அழுத்தம் ஏறியவர்கள் தவிர்க்க வேண்டும். அது அழுத்தத்தைக் கூட்டும். அரிஷ்டம் எதுவானாலும் நொதித்து உண்டான ஆல்கஹால் இருக்கும், லேபிளில் அளவைப் பார்த்து, பால் கொடுத்து முடித்த கையோடு குடித்து இரண்டு மணி நேரம் விடுங்கள்.

மற்ற மருந்துகளுக்கும் நேரக் கணக்கு இதுவே: பால் கொடுத்தவுடன், அல்லது பிள்ளை நீண்ட நேரம் தூங்கப் போகும் முன். பாலை நிறுத்த வேண்டாம். சளிக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி அந்தப் பாலில்தான் போகிறது. மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுக் கொடுங்கள். சிசேரியன் தையல் இருந்தால் இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள், இழுக்காது. மருந்து எடுக்கும் நாட்களில் பிள்ளை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, வழக்கமான நேரத்துக்குப் பாலுக்கு எழுகிறதா என்று பாருங்கள். எழுப்பியும் எழாமல், துணி போலத் தொய்ந்து கிடந்தால், மூச்சு இழுத்தால், 108-ஐக் கூப்பிட்டு மருந்துப் பாட்டிலோடு போங்கள்.

எந்தச் சிரப்பாலும் தீராத இருமலும் உண்டு. தறிப் பஞ்சு, கொலுசுப் பட்டறைப் புகை பட்டு வரும் இருமல் அதிலிருந்து விலகினால்தான் அடங்கும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோயா என்று பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சளிப் பரிசோதனை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி இருமல், கால் வீக்கம் என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் இதயக் கோளாறாக இருக்கலாம். ரத்தம் கலந்த சளி, திடீர் நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் எல்லாம் அன்றைக்கே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

ஏற்காட்டு மலையில் நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கம் இருப்பவர்கள் ராத்திரி ஒன்பதுக்கு மேல் கடை தேட முடியாது. கார்த்திகை பிறக்கும் முன்பே வீட்டில் ஒரு டப்பாவில் இவற்றை வைத்துக்கொள்ளலாம்: பாராசிட்டமால் 500 ஒரு அட்டை, உப்புநீர் மூக்குச் சொட்டு, சப்பும் மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மட்டும் உள்ள சிரப் ஒன்று. சந்தேகம் வந்தால் அரசு மருத்துவ ஆலோசனை எண்ணான 104-இல் கேட்கலாம். சிரப் மூடியைத் திறந்த தேதியை ஒரு காகிதத்தில் எழுதிப் பாட்டிலில் ஒட்டுங்கள். அந்தப் பாட்டிலிலிருந்து, அம்மாவுக்கு ஒத்துக்கொண்டதே என்று, பிள்ளைக்கு ஒரு சொட்டும் புகட்ட வேண்டாம்.